மெட்ஸ் முற்றுகை வழிபாட்டுத் துணி: அச்சிட்டுப் பார்த்த அனுபவம்

பிரெஞ்சு–பிரஷ்யப் போரின்போது, 1870 ஆகஸ்டு முதல் பிரான்சின் மெட்ஸ் நகரை முற்றுகையிட்டிருந்த ஜெர்மானியப் படைகளில் யூத வீரர்களும் இருந்தனர். யூதர்களின் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் நோன்பு அவ்வாண்டு அக்டோபர் 4 அந்தியில் தொடங்கியது. முற்றுகைக் களத்தில் அவர்கள் அந்நோன்பை அனுசரித்ததைச் சித்திரிக்கும் பருத்தித் துணி ஒன்று ஜெர்மனியில் நினைவுப் பொருளாக அச்சிடப்பட்டது. அதன் பிரதிகள் இன்று யூத அருங்காட்சியகங்களில் உள்ளன. அத்துணியின் படங்களைப் பார்த்து, நடுக்காட்சியின் ஒரு பகுதியையும் ஒரு வாசக வரியையும் கையால் அச்சிட்டு வருகிறேன்.

சிவப்புக்கு அலிசரினைத் தேர்ந்தெடுத்தேன். நம் சாயவேரிலும் மஞ்சிட்டி வகைச் செடிகளின் வேரிலும் உள்ள அந்தச் சாயப்பொருளை, கிரேபே, லீபர்மான் என்னும் இருவர் 1868இல் பெர்லினில் செயற்கையாக உருவாக்கினர். அவர்களுள் கார்ல் லீபர்மான் பெர்லின் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். போர் நடந்த காலத்துக்கு இதைவிடப் பொருத்தமான சிவப்பு எனக்குத் தோன்றவில்லை. இம்முறையில் அச்சுக்கட்டை துணியில் பதிப்பது சாயத்தை அன்று, சாயத்தைப் பிடித்து நிறுத்தும் அலுமினிய உப்பைத்தான். அலுமினியம் அசிடேட் கரைசலைக் கருவேலம்பிசினால் கெட்டியாக்கி, கஞ்சி போக வேகவைத்த மல் துணியில் பதித்து, சில நாள் காற்றாட விட்டு, தவிட்டு நீரில் அலசிய பிறகே சாயத் தொட்டியில் இறக்க வேண்டும். தொட்டியின் சூடு மெல்ல ஏறும்போது முதலில் துணி முழுவதும் மங்கலான இளஞ்சிவப்பு படர்கிறது. பிறகு, அதுவரை கண்ணுக்கே தெரியாதிருந்த கோடுகள் ஒவ்வொன்றாகக் கருஞ்சிவப்பில் எழுந்து வருகின்றன. மறுபடி தவிட்டு நீரில் கொதிக்கவிட்டால் வெற்றிடங்களில் ஒட்டிய நிறம் பெரும்பாலும் கழன்றுவிடுகிறது.

உருவங்களை லினோலியத்திலும் எழுத்துகளைத் தேக்கிலும் செதுக்கினேன். மூலத் துணியில், நம் எல்லோருக்கும் தந்தை ஒருவரல்லவா, நம்மைப் படைத்த கடவுளும் ஒருவரே அல்லவா என்று கேட்கும் எபிரேய வேதாகமத்தின் மலாக்கி 2:10 வசனம் இடம்பெறுகிறது. அதை நான் எபிரேயத்தில் செதுக்கத் தீர்மானித்தேன். வலமிருந்து இடமாகச் செல்லும் எழுத்து கட்டையில் இடமிருந்து வலமாகத் திரும்பிவிடுவதால், தமிழ் எழுதிப் பழகிய கைக்கு வேலை ஓட்டம் எளிதாகவே வந்தது. கவனம் கோரியது தாலெத் என்னும் எழுத்து. அதன் மேல்மூலையில் சிறிய முனை நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அம்முனை மழுங்கினால் அது ரேஷ் என்னும் வேறெழுத்தாகிவிடும். நான் செதுக்கிய இவ்வரியில் தாலெத் இருமுறை வருகிறது. தேக்கின் நார் அவ்விடத்தில் பெயர்ந்துவிடாதபடி, மூலையை வெளியிலிருந்து உள்நோக்கி மெல்லிய உளியால் கீறியே எடுத்தேன்.

நடுக்காட்சியில் யூத வீரர்கள் பெருந்திரளாக வெட்டவெளியில் கூடி வழிபடுகிறார்கள். கிறிஸ்தவத் தோழர்கள் அவர்களுக்காகக் காவல் நிற்கிறார்கள். உண்மையில் வழிபாடு அறைக்குள், மிகச் சிலரோடு நடந்தது என்றே வரலாற்றாய்வாளர்கள் கருதுகின்றனர். அதனால் இத்துணியின் மதிப்புக் குறைந்துவிட்டதாக நான் எண்ணவில்லை. மத வேறுபாட்டால் குடியுரிமை குறையலாகாது என்று பிரஷ்யா தலைமையிலான வட ஜெர்மன் கூட்டமைப்பு சட்டம் இயற்றியது 1869 ஜூலை 3 அன்றுதான். ஓராண்டே கடந்த அந்த உரிமை காகிதத்தோடு நின்றுவிடக் கூடாது என்ற ஏக்கம் காவலர் உருவங்களில் இருப்பதாக நான் உணர்கிறேன். வசனத்தின் வீச்சோ படத்தின் எல்லைக்கும் அப்பால் செல்கிறது: 1859 வரை பிரெஞ்சு ரபிகளுக்கான (யூத மதகுருக்களுக்கான) கல்விக்கூடம் இயங்கிய மெட்ஸ் நகரில் பழைமையான யூதச் சமூகம் ஒன்று வாழ்ந்தது, முற்றுகையிட்டோருக்கு உரிய அதே நோன்பு நாள்தான் மதிலுக்குள் இருந்தவர்களுக்கும். அக்டோபர் 27 அன்று நகரம் சரணடைந்தது.

ஆகவே, முதலில் விட்டுவிடலாம் என்று நினைத்திருந்த காவலர்களுக்கும் தனிக் கட்டை செதுக்கிக்கொண்டிருக்கிறேன். இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் ஊறவைத்த கரைசலை அவர்கள்மேல் பதிக்கப்போகிறேன். இரும்பு பட்ட இடத்தில் அலிசரின் கருமை கலந்த ஊதாவாக மாறுவதால், ஒரே தொட்டியில் வழிபடுவோர் சிவப்பாகவும் காவலர் கருமையாகவும் வருவார்கள். சிறு துண்டில் பார்த்த சோதனையில் கருமை நன்றாகவே பிடித்திருக்கிறது. இரும்புக் கரைசல் மல் துணியின் இழைகளை நாளடைவில் அரிக்கக்கூடியது என்பதால், அதை எவ்வளவு நீர்க்க வைக்கலாம் என்று பார்த்த பிறகே முழுத் துணியில் இறங்குவேன்.