ஒரே கல், இரண்டு கண்ணாடி

லாரி டயரில் தெறித்த கல் காரின் முன்கண்ணாடியில் பட்டால் ஒரு விரிசலோடு போய்விடும். அதே கல் பக்க ஜன்னல் கண்ணாடியை உடைத்தால் மொத்தமும் கற்கண்டாகக் கொட்டிவிடும்.

முன்கண்ணாடி, இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. சரி, பக்கக் கண்ணாடி? அதை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, காற்றை ஊதிச் சட்டென்று ஆற்றுகிறார்கள். மேல்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்பகுதி மெதுவாக ஆறிச் சுருங்கும்போது மேல்பரப்பை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கையால் ஓங்கி அறைந்தாலும் அது தாங்குவது இதனால்தான். ஆனால் கூர்முனை ஒன்று அந்த இறுகிய தோலைத் தாண்டிவிட்டால் கதை முடிந்தது. உள்ளே அடங்கியிருந்த ஆற்றல் முழுக்க விரிசலுக்குத் தீனி. நொடிக்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பாயும்.

அவசரத்தில் உடைக்க நேர்ந்தால் நடுவில் குத்தாதீர்கள். ஓரத்தில், கூர்முனைச் சுத்தியலால். (சில புதிய கார்களில் பக்கக் கண்ணாடியும் முன்கண்ணாடி போலப் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட்தான், மூலையில் பொறித்திருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.)