மேட்டுப்பாளையம் தாண்டினால் கணக்கு வேறு

கரூர்ப் பட்டறையில் கேரவன்களுக்கு கேஸ் லைனும் பேட்டரி வயரிங்கும் போடுவது என் வேலை. கீழே எல்லாம் ஒழுங்காக ஓடும். ஜனவரியில் ஊட்டிக்கு ஏறி, தலைக்குந்தா பக்கம் உறைபனி விழும் இடத்தில் ராத்திரி நிறுத்தினால், விடிவதற்குள் போன் வரும். "அண்ணா, சிலிண்டர்ல பாதி கேஸ் இருக்குதுங்க, ஆனா அடுப்பு நின்னு எரிய மாட்டேங்குது. பேட்டரியும் போயிருச்சுங்க போல."

பெரும்பாலும் இரண்டுமே போயிருக்காது.

நம் சிலிண்டரில் வருவது பியூட்டேனும் புரொப்பேனும் கலந்த கேஸ். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும், பியூட்டேனுக்கோ 0 டிகிரியை ஒட்டி வந்தாலே திணறல்தான். எரிய எரிய புரொப்பேன் முந்திக்கொண்டு போய்விடுவதால் பாதி தீர்ந்த சிலிண்டரில் மிஞ்சுவதில் பியூட்டேன் பங்கு கூடிவிடும், அதுவும் ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டையே இழுத்துக்கொள்ளும், ஆக வெளியே 4, 5 டிகிரி இருக்கும்போதே உள்ளே இன்னும் குளிர்ந்து பிரஷர் இறங்கிவிடும். அதனால் மலைக்கு நிறைந்த சிலிண்டரைக் கொண்டுபோங்கள், பாதி சிலிண்டரைக் கீழே தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். மேலே போனபின் அடுப்பு மந்தமானால் ஒரே பர்னரில் சமைத்து, வெயில் வரும்வரை பொறுக்க வேண்டும். சிலிண்டருக்கு அடியில் தீ காட்டுவது, கொதிக்கும் தண்ணீர் ஊற்றுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

பேட்டரி விஷயம் வேறு. லெட் ஆசிட் பேட்டரி 25 டிகிரியில் கொடுப்பதில் 0 டிகிரியில் சுமார் 80 சதவீதம்தான் கொடுக்கும், சூடானால் அது திரும்பிவிடும். எனக்குக் கவலை சார்ஜிங்தான். குளிரில் அதற்குக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும், 20 டிகிரி இறங்கினால் 12 வோல்ட் பேட்டரிக்கு கிட்டத்தட்ட அரை வோல்ட். சார்ஜருக்கு அது தெரியாவிட்டால் பேட்டரி தினமும் அரைகுறையாகவே நிறையும், நாலைந்து நாள் மலையில் நின்றால் தகடுகளில் சல்பேட் படிய ஆரம்பிக்கும். டெம்பரேச்சர் சென்சார் ஒன்றை பேட்டரியோடு ஒட்டிவிட்டால் போதும், சின்னச் செலவுதான், ஆனால் ஓனர்கள் முதலில் வெட்டுவது அதைத்தான். எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம்.

லடாக் போகிறேன் என்று லித்தியம் கேட்பவர்களுக்கு பேட்டரியை வண்டிக்கு அடியில் தொங்கவிடாமல் கேபினுக்குள் சீட்டுக்குக் கீழே வைக்கிறோம். 0 டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து, போன கெபாசிட்டி திரும்பாது. பேட்டரியைக் கண்காணிக்கும் சர்க்யூட்டான பிஎம்எஸ் நல்லதாக இருந்தால் சார்ஜை அதுவே நிறுத்திவிடும், சூடேறும்வரை விட்டுவிட வேண்டியதுதான்.

அப்புறம், குளிருக்குப் பயந்து சிலிண்டர் பெட்டியின் அடித் துவாரத்தில் சாக்கை அடைக்கிறார்கள். கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும். கதவை மூடிக்கொண்டு அடுப்பை எரியவிட்டுத் தூங்குவதும் அப்படித்தான், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. வண்டி டெலிவரி கொடுக்கும்போது இந்த இரண்டையும் டிரைவரிடம் மட்டும் சொல்லாமல், உள்ளே படுக்கப் போகிற குடும்பத்தையும் கூப்பிட்டு நிறுத்தி, அந்தத் துவாரத்தைக் கையால் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறேன்.