34 வயதில் ஜி.என்.எம். நர்சிங்: ஒரு மதராஸ் ரெஜிமெண்ட்காரனின் அனுபவம்

ராணுவத்தில் பென்ஷன் வாங்கிக்கொண்டு கடலூர் பக்கம் வந்து இறங்குகிறவனிடம் ஊர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "அடுத்து பேங்க் செக்யூரிட்டியா?" முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோவில் பதிந்து வைத்தால் ஏதாவது ஒரு காவல் வேலை கிடைக்கும், பென்ஷனோடு அதுவும் சேர்ந்தால் குடும்பம் ஓடிவிடும். என் மாமனார் எனக்காக ஒரு இடமே பேசி வைத்திருந்தார். நர்சிங் படிக்கப்போகிறேன் என்றதும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்பிள்ளைக்கு அங்க தலையில எதுவும் அடிபட்டுச்சாம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

ஆசை வந்தது பட்டாலியனில். காலாட்படையில் சில ஜவான்களைத் தேர்ந்தெடுத்து 'பேட்டில்ஃபீல்டு நர்சிங் அசிஸ்டென்ட்' பயிற்சி கொடுப்பார்கள். அடிபட்டவனை டாக்டரிடம் சேர்க்கும்வரை உயிரோடு வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். ரத்தத்தை நிறுத்துவது, உடைந்த எலும்புக்கு மட்டை கட்டுவது, டிரிப் போடுவது. மலை உச்சியில் இருந்தபோது சுடுவதைவிட இதுதான் அதிகம் பயன்பட்டது. அங்கே 'ஹாப்போ' என்று ஒன்று வரும், உயரத்தில் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது. ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டே ஆளைக் கீழே இறக்குவதுதான் வைத்தியம். இருட்டிவிட்டால் இறக்க முடியாது. அப்படி ஒரு பையனின் பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஹெலிகாப்டரில் ஏற்றிவிட்டோம், பிழைத்துவிட்டான். இந்த வேலையை முறையாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஆனால் அந்தப் பயிற்சிச் சான்றிதழை வைத்துக்கொண்டு வெளியில் ஒன்றும் செய்ய முடியாது. என்னை விடுங்கள், ஆர்மி மெடிக்கல் கோரில் நர்சிங் அசிஸ்டென்டாகவே காலமெல்லாம் வேலை பார்த்தவருக்கும் இதே கதிதான். மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்யாதவர் சட்டப்படி நர்ஸ் கிடையாது. பதிவு வேண்டுமென்றால் ஜி.என்.எம். என்ற 3 வருட நர்சிங் டிப்ளமோ அல்லது 4 வருட பி.எஸ்சி. பி.எஸ்சி.க்கு பிளஸ் டூவில் உயிரியல், இயற்பியல், வேதியியல் வேண்டும். ஜி.என்.எம்.முக்கு எந்தப் பிரிவானாலும் சரி, 40 சதவீதமும் ஆங்கிலத்தில் தேர்ச்சியும் போதும். நான் ஆர்ட்ஸ் குரூப், அதனால் வழி ஒன்றுதான். 15 வருடம் சேவை செய்த பத்தாம் வகுப்புக்காரரை வேலைக்குப் பட்டதாரிக்குச் சமமாக எடுத்துக்கொள்ளும் அரசு உத்தரவு இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது சில அரசு வேலைகளுக்கு மட்டும். படிப்பில் சேர அது உதவாது.

அடுத்தது வயது. சேருவதற்கு உச்ச வரம்பு 35. ஒரு சிப்பாய்க்கு பென்ஷன் கிடைக்கக் குறைந்தது 15 வருட சர்வீஸ் வேண்டும். 19 வயதில் சேர்ந்த நான் 15 முடித்து வெளியே வந்தபோது வயது 34. இன்னும் ரெண்டு வருடம் இருந்து ஹவில்தாராகி வரலாம் என்று நினைத்திருந்தால் கதவு மூடியிருக்கும். என் செட்டில் ரெண்டு பேர் அப்படித்தான் தவறவிட்டார்கள். அரசு வேலைக்கு முன்னாள் படைவீரருக்குக் கிடைக்கும் வயதுத் தளர்வு படிப்பிலும் உண்டு என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

வீடு இருப்பது தமிழ்நாட்டுப் பக்கம், எல்லையைத் தாண்டினால் புதுச்சேரி. இருந்தும் சென்டாக் என்ற மாணவர் சேர்க்கை அமைப்பு வழியாக வரும் புதுச்சேரி அரசு ஒதுக்கீடு அந்த ஊர்க்காரர்களுக்குத்தான். நான் ஒரு தனியார் நர்சிங் பள்ளியில் பணம் கட்டித்தான் சேர்ந்தேன். பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கும் கம்யூட்டேஷன் பணத்தில் பாதி அதற்கே போனது. சேரும்போது ஆபீஸில், பிளஸ் டூ முடித்து இத்தனை வருடம் என்ன செய்தீர்கள், 'பிரேக் ஆஃப் ஸ்டடி' சான்றிதழ் எங்கே என்றார்கள். டிஸ்சார்ஜ் புக்கை நீட்டினேன். புரட்டிப் பார்த்த கிளார்க், "இது காலேஜ் சர்ட்டிஃபிகேட் இல்லையே சார்" என்றார். எல்லையில் நின்றதற்கு அரசாங்கமே எழுதிக் கொடுத்த புத்தகம் செல்லவில்லை. மஞ்சக்குப்பத்தில் நோட்டரியிடம் முத்திரைத்தாளில் எழுதி வாங்கிய ஒரு பக்கம் செல்லுபடியானது. சரி, வாங்கிக் கொடுத்தேன்.

வகுப்பில் எல்லாம் 17, 18 வயதுப் பிள்ளைகள், முக்கால்வாசி பெண்கள். முதல் வாரம் 'அங்கிள்', அப்புறம் 'அண்ணா'. பாடம் எடுத்த மேடம் என்னைவிடச் சின்னவர். அவர் உள்ளே வரும்போது நான் மட்டும் விறைப்பாக எழுந்து நிற்க, பின்னால் கிளுகிளுவென்று சிரிப்பார்கள். தமிழ் மீடியத்தில் படித்து, ரெஜிமெண்டில் இந்தியும் தமிழுமாகக் காலம் தள்ளியவனுக்கு அனாட்டமி புத்தகம் மலைப்பாகத்தான் இருந்தது. நெல்லிக்குப்பத்துப் பெண் ஒருத்தி தினமும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மருந்தியலைத் தமிழில் சொல்லிக்கொடுத்தாள். பதிலுக்கு நான் அவளுக்குக் கட்டில் விரிக்கக் கற்றுக்கொடுத்தேன். சுருக்கமில்லாமல், மூலையில் 45 டிகிரி மடிப்பு. ராணுவத்திலிருந்து நேரடியாகக் கைகொடுத்தது அது ஒன்றுதான். பெட்பேன் எடுக்கக் கூச்சமாக இல்லையா என்று பலர் கேட்டார்கள். ஃபட்டீக் என்ற ராணுவத் துப்புரவு வேலையெல்லாம் பார்த்தவனிடம் கேட்கும் கேள்வியா இது!

டிரிப் கணக்கு எனக்குப் பிடித்துப்போனது. சாதாரண செட்டில் 20 சொட்டு ஒரு மி.லி. 500 மி.லி. பாட்டில் 4 மணி நேரத்தில் இறங்க வேண்டுமென்றால் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு டியூபில் இருக்கும் சக்கரத்தை உருட்டி உருட்டிச் சரிசெய்ய வேண்டும்.

பாம்புக்கடி இன்னொன்று. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புகளிலிருந்து வருவார்கள். கண்ணாடி விரியன் கடித்திருந்தால் ரத்தம் உறையாது. அதைக் கண்டுபிடிக்கும் சோதனைக்குப் பெரிய மெஷின் எதுவும் தேவையில்லை. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. ரத்தம் எடுத்து, 20 நிமிடம் தொடாமல் வைத்துவிட்டு, ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீராக ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாய் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவிய குழாயும் கூடாது. அந்த 20 நிமிடம் சொந்தக்காரர்கள் நம் கையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். "ஊசி போடுங்க பிரதர், ஏன் சும்மா நிக்கிறீங்க?" என்பார்கள். குழாயை எடுத்து ஆட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். ஆட்டினால் சோதனை வீண்.

எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருந்தது இதெல்லாம் இல்லை, உத்தரவு. 15 வருடம் மேலே இருந்து சொல் வந்தால் "ஜி சாப்" என்று செய்து முடிப்பதுதான் என் தொழில். வார்டில் அது ஆபத்து. ஒரு ராத்திரி பயிற்சி டாக்டர் ஒருவர் பொட்டாசியம் குளோரைடு எழுதிவிட்டு, எப்படிக் கொடுக்க வேண்டும் என்று குறிக்காமல் நகர்ந்துவிட்டார். அதை நேராக ரத்தக்குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும், சலைனில் கலந்து மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும். வார்டு சிஸ்டர் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போய், "சார், எவ்வளவு சலைன்ல, எத்தனை மணி நேரத்துக்குன்னு எழுதிடுங்க, அப்புறம்தான் நான் தொடுவேன்" என்றார். குரல் உயரவில்லை, மரியாதையும் குறையவில்லை. டாக்டர் திரும்பி வந்து எழுதினார். சுபேதார் சாப் முன்னால் அப்படி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்திருக்காது. அதைப் பழகத்தான் எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. ராணுவ ஒழுக்கம் நர்சிங்குக்கு ரொம்ப உதவும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதி உண்மை என்பேன்.

நடுவில் கொரோனா வந்து வகுப்பு போனில் நடந்தது, அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கடைசி ஆறு மாதம் இன்டர்ன்ஷிப் முடித்து, சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் கவுன்சிலில் பதிவு வாங்கினேன். இப்போது புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அவசரப் பிரிவில் இருக்கிறேன். சம்பளம் என் பென்ஷனைவிடக் குறைவு. இதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. பென்ஷன் இல்லாத குடும்பஸ்தன் இந்த வயதில் இதில் இறங்குவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

அடுத்த குறி கோரிமேட்டு ஜிப்மர் மாதிரி மத்திய அரசு மருத்துவமனைகளின் நர்சிங் ஆபீசர் தேர்வு. ஜி.என்.எம். படித்தவர்களுக்கு 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் 2 வருட அனுபவம் கேட்கிறார்கள், அது முடிந்துவிட்டது. வயதுத் தளர்வு இங்கேதான் கைகொடுக்கிறது. இப்போதைய வயதில் ராணுவ சர்வீஸைக் கழித்துவிட்டு, மிச்சம் உச்ச வரம்பை 3 வருடத்துக்கு மேல் தாண்டாமல் இருந்தால் போதும். 40 வயதுக்காரன் நான் காகிதத்தில் 25.

சர்வீஸில் இருக்கும் தம்பிகள் இப்போதே செய்யக்கூடியது: பத்தாம் வகுப்போடு சேர்ந்திருந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ். வழியாகப் பிளஸ் டூ முடித்துவிடுங்கள். ஒரு வருடத்தில் நர்ஸ் ஆக்குகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டும் இடங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். பள்ளிக்கு இந்திய நர்சிங் கவுன்சில், மாநில கவுன்சில் ரெண்டின் அங்கீகாரமும் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பெயர். நம் ஊர் மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும் இருக்கும், ராணுவ ஆவணத்தில் அப்பா பெயரை விரித்து எழுதியிருப்பார்கள், ஆதாரில் மூன்றாவது மாதிரி இருக்கும். யூனிட்டில் இருக்கும்போதே ஹெட் கிளார்க்கைப் பிடித்து, ஆவணத்தில் மாற்றத்தைப் பதியும் பார்ட்-2 ஆர்டர் போட்டுச் சரிசெய்துவிட்டு வாருங்கள். வெளியே வந்தபின் அதற்காக நீலகிரி வெலிங்டனில் இருக்கும் நம் ரெஜிமெண்டின் ரெக்கார்ட் ஆபீஸுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் அட்மிஷன் தேதி போய்விடும்.