வெனிஸில் வெளியே தெரியாத ஜெப ஆலயங்கள்: உள்ளே போய்ப் பார்த்த அனுபவம்

வெனிஸ் போகிறவர்கள் சான் மார்க்கோ, ரியால்டோ, கோண்டோலா சவாரி என்று முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். ஊரின் வடக்கே, கன்னரேஜோ பகுதியில் உள்ள பழைய யூதக் குடியிருப்பான கெட்டோவுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். அங்கே யூதர்கள் வழிபடும் ஐந்து பழைய ஜெப ஆலயங்கள் இருக்கின்றன. ஆனால் விவரம் தெரியாமல் போனால் சதுக்கத்தில் நின்றுகொண்டே அவற்றைத் தவறவிட்டுவிடுவோம்.

கால்வாய்க் கரையிலிருந்து கெட்டோவுக்குள் நுழைவது தாழ்வான, இருட்டான ஒரு வழி. அதன் கல் நிலையில், பழைய கதவின் கீல்கள் இருந்த பள்ளங்களை இன்றும் பார்க்கலாம். நான் விரல் வைத்துப் பார்த்தேன். 1516 மார்ச் 29 அன்று வெனிஸ் செனட் போட்ட உத்தரவின்படி யூதர்கள் எல்லோரும் இந்தச் சிறு தீவுக்குள்தான் வாழ வேண்டும். இரவில் கதவு பூட்டப்படும். காலையில் சான் மார்க்கோ மணி அடித்த பிறகுதான் திறக்கும். கால்வாயில் காவல் படகுகள் சுற்றும். அந்தக் காவலர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டியவர்களும் யூதர்களே. வீடுகளை அவர்கள் சொந்தமாக வாங்க முடியாது. வாடகையோ முன்பு இருந்தவர்கள் கொடுத்ததைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம். என்னை மிகவும் உறுத்தியது இந்தக் கணக்குதான். பூட்டியதற்கான செலவையும் பூட்டப்பட்டவர்கள் தலையிலேயே கட்டியிருக்கிறார்கள்.

சதுக்கத்துக்கு வந்ததும் தலையைத் தூக்கிப் பாருங்கள். ஏழெட்டு மாடி வீடுகள், வெனிஸில் வேறெங்கும் காணாத உயரம். ஆட்கள் பெருகப் பெருக, பக்கவாட்டில் இடமில்லாமல் மேலே கட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். ஒரு வீட்டின் மேல்தளத்தில் மட்டும் ஐந்து பெரிய சன்னல்கள் வரிசையாக இருக்கும். யூதர்களின் வேதமான தோராவின் ஐந்து நூல்களைக் குறிக்கும் அந்தச் சன்னல்களுக்குப் பின்னால்தான் இத்தாலிய யூதர்களின் ஆலயம். கூரை ஓரத்தில் மரத்தாலான சின்னக் குவிமாடம் தெரிந்தால் அது கன்டோன் ஆலயம். தெருவிலிருந்து பார்த்தால் ஆலயம் என்றே தெரியக்கூடாது என்ற நிலையில், வாடகை வீட்டின் உச்சியில் வழிபாட்டுக்கு இடம் பிடித்தார்கள். ஆலயத்துக்கு மேலே வேறு யாரும் குடியிருக்கக் கூடாது என்ற அவர்களுடைய மரபுக்கும் மேல்தளம்தான் பொருத்தம்.

சரி, உள்ளே போவது எப்படி? தனியாகப் போக முடியாது. யூத அருங்காட்சியகத்தின் டிக்கெட் வாங்கி, வழிகாட்டியுடன் குழுவாகத்தான் போக வேண்டும். எந்தெந்த ஆலயங்களைக் காட்டுவார்கள் என்பது அன்றைய நிலவரத்தைப் பொறுத்தது, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பையைச் சோதிப்பார்கள், சதுக்கத்தில் ஆயுதத்துடன் காவல் நிற்கும், பதற வேண்டாம். ஆண்கள் தலையை மூட வேண்டும். உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை.

எங்களை முதலில் அழைத்துப் போனது 1528-29இல் கட்டப்பட்ட ஜெர்மானிய யூதர்களின் ஆலயத்துக்கு. ஊரிலேயே பழமையானது இதுதான். குறுகலான படியில் ஏறி மேலே போனால், பொன் முலாம் பூசிய மரவேலை நிறைந்த கூடம். கிடைத்த வீட்டின் வடிவத்துக்கே கட்டியதால் நான்கு சுவர்களும் கோணல்; அந்தக் கோணல் தெரியாதபடி பெண்கள் அமரும் மாடத்தை முட்டை வடிவில் சுற்றி அமைத்திருக்கிறார்கள். யூதர்கள் பளிங்கு பயன்படுத்தத் தடை இருந்ததால், சுண்ணாம்புப் பூச்சையே பளிங்கு போல இழைத்திருக்கிறார்கள் என்று வழிகாட்டி காட்டினார். அப்புறம் கன்டோன். அங்கே எட்டு மரப் பலகைகளில் செங்கடல், வானிலிருந்து வந்த மன்னா என்ற உணவு, சீனாய் மலை என்று, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து யூதர்கள் விடுபட்டுப் போன பாலைவனப் பயணக் காட்சிகள். மனித உருவம் ஒன்றுகூட இல்லை. அந்தப் பலகைகளுக்கு அடியில் நின்றபோது என்னால் பேச முடியவில்லை. அடைபட்டுக் கிடந்தவர்கள் விடுதலைக் கதையைத்தான் சுவரில் வைத்துக்கொண்டார்கள்.

லெவந்தீன் ஆலயம் தனிக் கட்டடமாக நிற்கிறது. ஒட்டோமான் நாட்டிலிருந்து வந்த வணிகர்களுடையது அது. வெனிஸுக்கு அவர்களுடைய வியாபாரம் தேவைப்பட்டது, அதனால் அவர்களுக்குச் சலுகையும் கிடைத்தது. யாருக்கு எவ்வளவு தடை என்பதைப் பணம்தான் முடிவு செய்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

போகும் வழியில், கெட்டோவின் இன்னொரு பகுதியான கெட்டோ வெக்கியோவின் சுவரில் 1704ஆம் ஆண்டின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, அதையும் விடாதீர்கள். கிறிஸ்தவராக மாறிய யூதர் மறுபடி கெட்டோவுக்குள் வந்து பழைய மதத்தைப் பின்பற்றினால் சிறை, சவுக்கடி, துடுப்புக் கப்பலில் வேலை என்று தண்டனைகள் அதில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. காட்டிக்கொடுப்பவருக்குப் பரிசும் உண்டு.

1797இல் நெப்போலியனின் படை வந்த பிறகுதான் கதவுகளைப் பிடுங்கி எரித்தார்கள். லெவந்தீன் ஆலயத்திலும், ஐந்தில் மீதியுள்ள ஸ்பானிய யூதர்களின் ஆலயத்திலும் இன்றும் வழிபாடு நடக்கிறது. அதனால் சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களும் அருங்காட்சியகம் மூடியிருக்கும். வேறு நாளாகப் பார்த்துக் காலையிலேயே போய்விடுங்கள்.