நல்ல நாள் வந்தால்தான் பயம்

தலைக்குக் குளிப்பதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டிருந்தவள்தான் நான். இப்போது ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் குளியல். முடியை அலசி முடிப்பதற்குள் இரண்டு தடவை கையை மடியில் போட்டு ஓய்வெடுத்து, அப்புறம் ஈரத்தலையோடு அப்படியே கட்டிலில் சாய்ந்துவிடுகிறேன். அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்வதில்லை.

நாள்பட்ட சோர்வு நோய்க்குறி என்று பெயர். பெயரே சரியில்லை என்பேன். சோர்வு என்றதும் "எனக்கும்தான் அசதியா இருக்கு, நல்லா தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்கிறார்கள். பத்து மணி நேரம் தூங்கியும் தூங்காத மாதிரியே எழுவதுதானே இந்த நோயே! உலக சுகாதார நிறுவனம் 1969லேயே இதை நரம்பு மண்டல நோய்களோடு சேர்த்துவிட்டது. ஆனால் இதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. ரிப்போர்ட் எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டு ஒரு டாக்டர் என்னைப் பார்த்த பார்வையில், ஏதாவது ஒன்று இருந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

என்னை அதிகம் ஏமாற்றியது நல்ல நாட்கள்தான். உடம்பு லேசாக இருக்கிறதே என்று அலமாரியை ஒழித்து, விட்டுப்போன போன்களையெல்லாம் பேசி முடிப்பேன். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. மறுநாளோ அதற்கும் மறுநாளோதான் வட்டியோடு வசூல்: தொண்டை வலி, காய்ச்சல் வருகிற மாதிரி உடம்பு, எதிரில் பேசுவது காதில் விழுந்தும் மண்டையில் ஏறாது. தினமும் நடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள் என்ற அறிவுரையைக் கேட்டு நடந்து, மூன்று வாரம் படுக்கையில் கிடந்தேன். அப்படி உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையை இந்த நோய்க்குத் தர வேண்டாம் என்று இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2021லேயே சொல்லிவிட்டதாம். பிற்பாடு அதைப் படித்தபோது நிம்மதியை விடக் கோபம்தான் அதிகம் வந்தது, என்னைச் சோம்பேறி என்று நானே திட்டிக்கொண்ட நாட்களை நினைத்து.

இப்போது டைமர் வைத்துக்கொள்கிறேன். பதினைந்து நிமிடம், இன்னும் செய்ய முடிகிறபோதே நிறுத்திவிட வேண்டும். கேட்க எளிது, ஆனால் மனசு கேட்காது. நேற்று துணி மடிக்கும்போது மணி அடித்தது, இன்னும் இரண்டே சட்டைதான் பாக்கி. கை பரபரத்தது. அதையும் மற்றவர்கள் செய்ய வேண்டுமே என்ற குற்ற உணர்ச்சி வேறு. சட்டைகளைத் தள்ளிவிட்டு அந்த இடத்திலேயே படுத்துக்கொண்டேன்.