பதில் சொல்லாத பையன்

கோவையை அடுத்த மாங்கரையைத் தாண்டி ஆனைகட்டிக்கு ஏறும் சாலையை ஒட்டியுள்ள இருளர் பழங்குடிக் குடியிருப்பு ஒன்றுக்குப் பேச்சுப் பயிற்சியாளராகச் சென்ற முதல் நாளில், ஆறு வயதுப் பையன் ஒருவனின் முன் படத்தாளை விரித்தேன். கைக்கு வந்திருந்த குறிப்பில் அவனுக்கு ‘மொழி வளர்ச்சித் தாமதம்’ என்று எழுதியிருந்தது. மாட்டைக் காட்டி “இது என்ன?” என்றேன், என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நாய்க்கும் அதே பார்வை. பன்னிரண்டாவது படம் வந்தபோது, திண்ணையில் ராகி புடைத்துக்கொண்டிருந்த பாட்டி முறத்தைக் கீழே வைத்தார்.

“ஏனுங்க அம்மிணி, மாடுன்னு உங்களுக்கே தெரியுதுங்களே, அப்புறம் எதுக்குங்க அவனைக் கேக்கறீங்க?”

விடை தெரிந்துகொண்டே கேட்பது பள்ளிக்கூடத்து வழக்கம், அது எல்லா வீடுகளிலும் இருக்காது என்பதைப் படித்துத் தேர்வும் எழுதியவள் நான், என்ன பயன்?

இருளர் மொழி தமிழுக்கு நெருக்கமானது என்றாலும் தனி மொழி. நாக்கு வாயின் நடுவில் நின்று ஒலிக்கும் உயிரொலிகள் அதில் உண்டு என்பதைச் செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் 1970-களிலேயே பதிவு செய்திருக்கிறார். அவ்வொலி தமிழ்ச் சொல்லில் கலந்து வரும்போது அதைப் பிழை என்று குறித்தால், ‘வீட்டுக்கு’ என்பதை ‘ஊட்டுக்கு’ என்னும் எங்கள் பொள்ளாச்சிக்காரர்கள் அத்தனை பேருக்கும் சிகிச்சை தொடங்க வேண்டியிருக்கும்.

உண்மையான குறைபாடு வீட்டு மொழியிலும் தென்படும். பள்ளித் தமிழில் மட்டும் தென்படும் தடுமாற்றத்தைக் குறைபாடு என்று எழுதிவிடக் கூடாது. ஆகவே தாளை மடித்து வைத்துவிட்டு, உங்கள் பேச்சில் அவன் பேசுவது, அவனுடைய அக்காள் இதே வயதில் பேசியதைப் போல இருக்கிறதா என்று பாட்டியிடம் கேட்டேன்.

“கதையெல்லாம் நல்லாச் சொல்றானுங்க. ‘க’ வர்ற எடத்துல ‘த’ போடறான். காக்காயத் தாத்தாங்கறான், அவங்க தாத்தனுக்குத்தான் கோவம்.”

அன்று மாலை, பலாப்பழத்துக்கு யானை வந்த கதையை அவன் தன் மொழியில் நெடுநேரம் சொன்னான். பாட்டி எனக்குத் தமிழில் எடுத்துச் சொன்னார். கோவையில் இருந்தபடியே ஒருவர் ‘தாமதம்’ என்று எழுதிய பிள்ளை அவன். ‘க’ மட்டும் அவன் மொழியிலும் ‘த’வாகவே விழுந்தது. பின்நாக்கை மேலே எழுப்பும் விதத்தைக் காட்டியபோது நாலைந்து முயற்சியில் ஒருமுறை சரியாகவும் வந்தது.

குறிப்பில் ‘தாமதம்’ என்பதை அடித்துவிட்டு, க–த மாற்றம் என்றும், முதலில் செவிப் பரிசோதனை தேவை என்றும் எழுதினேன். பயிற்சிக்கான சொற்களைப் பாட்டியே அவர்கள் பேச்சிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தார். அவற்றைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டு, எழுத்துக்குள் அடங்காத உயிரொலி வரும் இடங்களில் மேலே ஒரு சிறு கோடு இட்டுக்கொண்டேன்.