மைத்துளி

இன்று மதியம் செல் சார்ட்டர் (ரத்த அணுக்களை வகை பார்த்துப் பிரிக்கும் கருவி) திரையில் புள்ளிகள் குவிய ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் ரத்தத்தின் ஒரு வெள்ளையணு. மேற்பரப்பில் சிடி4 என்ற புரதம் உள்ளவை மட்டும் வலப்பக்கம் தனிக் கூட்டமாக ஒதுங்கின.

அவற்றுக்கென்று தனி நிறம் கிடையாது. சிடி4-ஐத் தேடி ஒட்டிக்கொள்ளும் ஆன்டிபாடியோடு ஒளிரும் சாயத்தைச் சேர்த்திருக்கிறோம். 488 நானோமீட்டர் நீல லேசர் பட்டால் பச்சையாக மின்னும்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த கட்டம்தான்.

ஓடும் நீர்த்தாரையை அதிரவைத்துத் துளித்துளியாக உடைக்கிறார்கள். வேண்டிய அணு இருக்கும் துளிக்கு மட்டும், அது பிரியும் கணத்தில், மின்னூட்டம். கீழே அதை இழுக்க மின்னூட்டிய இரண்டு உலோகத் தகடுகள். அந்தத் துளி வளைந்து போய்த் தனிக் குழாயில் விழும். மற்றதெல்லாம் நேராகக் கழிவுக்கு. நொடிக்கு ஆயிரக்கணக்கில்!

இந்த வித்தை உயிரியலில் பிறந்ததே இல்லை. ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் ஸ்வீட் என்ற பொறியாளர் தாளில் மை தெளிக்க உருவாக்கியது. 1965இல் மேக் ஃபுல்வைலர் என்ற ஆய்வாளர் அதை அணுக்கள் பக்கம் திருப்பினார், அளவை வைத்துப் பிரிக்க. ஒளிரும் சாயத்தைக் கொண்டுவந்தது அப்புறம் வந்த ஹெர்சன்பெர்க்கின் ஆய்வுக் குழு.

இப்போது ஆராய்ச்சி மானிய விண்ணப்பம் எழுதும்போதெல்லாம் ‘சமூகப் பயன்’ என்றொரு கட்டம் வரும். ஸ்வீட் அதில் என்ன எழுதியிருக்க முடியும்? ரத்த அணுக்களை உருவாக்கும் ஸ்டெம் செல்லைப் பிரித்தெடுக்க உதவும் என்றா?